பஞ்சு திரும்புகிற வரைக்கும்

ஏப்பா, நல்லா இருக்கியா? அங்கே தண்ணீர் எல்லாம் இருக்கிறதா?

இங்கே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கொல்லைக்கு மேலே ஓர் ஊற்று இருந்ததே, எந்தக் கோடையிலும் ஒரு சொம்பு தண்ணீராவது தேங்கி நிற்குமே, அது தை மாதமே வற்றிவிட்டது. உள்ளே கையை விட்டால் ஈரம் கூட ஒட்டவில்லை. ஐப்பசியில் பெய்ததுதான் கடைசி மழை. காப்பி பூப்பதற்கு மாசியில் ஒரு மழை வருமே, அதுவும் வரவில்லை. செடியெல்லாம் இலை சுருண்டு, காது தொங்கின ஆடு மாதிரி நிற்கிறது. கிளியூர் அருவியைப் பார்க்க வருகிற டூரிஸ்டுகள் வெறும் பாறையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பாறைக்கு வந்த வாழ்வைப் பார்.

உன்னைக் கேட்டுவிட்டு நானே பேசிக்கொண்டிருக்கிறேன். என் பழக்கம் உனக்குத் தெரியும்.

இன்று காலையில் உன் டப்பா கையில் கிடைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம். ஊரில் எல்லாரும் மூட்டை கட்டுகிறார்கள், நாங்களும் கட்டினோம். பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட், நாலு துணி. பரண் மேலிருந்து பெட்டியை இழுத்தபோது அந்த மூக்குப்பொடி டப்பா உருண்டு வந்து என் கால் பக்கத்தில் விழுந்தது. மூடியைத் திறந்தேன். இலவம் பஞ்சு அப்படியே வெள்ளையாக இருந்தது. பொடி வாசனை கூட முழுசாகப் போகவில்லை. ஒரு தும்மல் போட்டேன். வெளியே நாலு நாளாகப் புகை வாசனை, வீட்டுக்குள் பொடி வாசனை. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டப்பா உனக்கு வந்த கதையைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் இருந்தார். அவர் பொடி போட்டால் அடுத்த மலையில் ஆடு மிரளும். ஒருநாள் அவர் போட்ட தும்மலில் டப்பா கைதவறிக் காப்பிப் புதருக்குள் விழுந்தது. நீ தேடி எடுத்துக் கொடுக்கப் போனாய். "நீயே வெச்சுக்கப்பா, இந்தச் சனியன் இன்னையோட ஒழியட்டும்" என்றார். மறுநாள் புது டப்பா வாங்கிவிட்டார், அது வேறு விஷயம். நீ உன் டப்பாவைக் கழுவி, காய வைத்து, அதில் இலவம் பஞ்சு அடைத்து வைத்தாய். பொடி போடாத மனுஷனுக்குப் பொடி டப்பா எதற்கு என்று ஊரே கேட்டது. காற்று பார்க்க, என்றாய்.

"மாமா, விஷயத்துக்கு வாங்க. பாறைக்கிட்ட வந்துருச்சு" என்கிறாள் உன் மகள் சித்ரா. அவள்தான் எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்வதைத் தட்டி நிமிர்த்திப் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுது கண்ணு என்று சொல்லியிருக்கிறேன். உன் மகள் எனக்கு மருமகள் ஆன நாளிலிருந்து நாம் ஊருக்கு முன்னால் "வாங்க சம்பந்தி, போங்க சம்பந்தி" என்று பேசிக்கொண்டோம். பாதை திரும்பி மரம் மறைத்ததும், "டேய், பீடி இருக்கா?" உனக்கு நினைவிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். மலை எரிகிறது.

அடிவாரத்தில் எங்கேயோ பிடித்தது. யார் வைத்தார்கள், எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதல் நாள் தூரத்தில் ஒரு நூல் மாதிரி புகை. இரண்டாம் நாள் அந்த நூல் வேட்டி அகலம் ஆனது. மூன்றாம் நாள் காட்டெருமைக் கூட்டம் பட்டப்பகலில் நம் தெருவழியாகப் போனது. நாய்கள் குரைக்கவில்லை. எருமைகள் எங்களைப் பார்க்கவும் இல்லை. எல்லாம் மேலே, தலைச்சோலைப் பக்கம் போயின. அதைப் பார்த்த பிறகுதான் ஊர் மூட்டை கட்ட ஆரம்பித்தது. காற்று கீழிருந்து மேலே அடிக்கிறது. சரிவு முழுக்க உண்ணிச் செடி, காய்ந்த போதைப்புல். நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

பிள்ளைகளையும் முடியாதவர்களையும் லாரியில் ஏற்றி ஏற்காட்டுக்கு அனுப்பியாயிற்று. உன் வீட்டுக்காரி பேரப்பிள்ளைகளோடு போனாள். போகும்போது அடைகாக்கிற கோழியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ஏறினாள். லாரிக்காரன், "ஏனுங்கம்மா, மனுசனுக்கே எடம் இல்லீங்க" என்றான். "அது பன்னெண்டு பேருங்க தம்பி. முட்டைக்குள்ள உக்காந்திருக்காங்க" என்றாள். அவ்வளவு பயத்திலும் லாரியே சிரித்தது.

தீயணைப்பு வண்டி வளைவு வரைக்கும்தான் வரும். அதற்குக் கீழே ஒற்றையடிப் பாதை. காட்டிலாகா வாட்சர்கள் மூன்று நாளாகத் தூங்காமல் எங்களோடு நிற்கிறார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "காட்டுக்குள்ள நீங்க தீ வெக்கக் கூடாதுங்க. பட்டா நெலத்துக்குள்ள எதிர்த்தீ வெக்கறதுன்னா நாங்களும் கூட நிக்கறோம். வேற வழி தெரியல."

பட்டா நிலம் என்றால் உன் நிலம்தான். உனக்குத் தெரியாததா. மேலே ஊர், அதற்குக் கீழே உன் காப்பி, அதற்கும் கீழே உன் சாமைக் கொல்லை, அதன் கீழ் ஓரத்தில் நீ. பேரி மரத்தடியில் படுத்துக்கொண்டு எப்போதும் போலச் சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உனக்குக் கீழே புல் சரிவு. அதில் முதலில் நாவல் மரம், அப்புறம் காய்ந்த ஓடை, அப்புறம் பாறை. இவ்வளவுதான் நமக்கும் தீக்கும் நடுவில் இருப்பது. ஆட்கள் உன் கொல்லையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, மண் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டார்கள். தீ ஓடைக்கு வரும்போது அந்தக் கோட்டின் கீழ் ஓரத்தில் நாம் தீ வைக்க வேண்டும். நம் தீ கீழே போய், வருகிற தீயோடு முட்டி, இரண்டும் தின்ன ஒன்றுமில்லாமல் சாக வேண்டும். கோடு ஆரம்பிக்கிற இடம் உன் தலைமாடு. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் தலைமாட்டில் தீ வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் இது மட்டும் இல்லை. வேறு ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

காலையில் கூட்டம் போட்டார்கள். பந்தத்தை யார் பிடிப்பது என்று கேட்டபோது என் மகன் பழனி எழுந்து, "எங்கப்பாதான் புடிக்கணும். அவரு அவசரப்படவே மாட்டாருங்க. சோத்துல கல்லு கடிச்சாக்கூடக் கதைய முடிச்சிட்டுத்தான் துப்புவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் சரி என்றார்கள். ஒருவன் சொன்னான், "முன்னால தீ வந்த அன்னைக்கு இந்த மாமா கையில பந்தம் இருந்திருந்தா மாட்டுப் பட்டியும் காப்பியும் எரிஞ்சிருக்காதுங்க. பாவம், அந்த தீக்குச்சி மாமனுக்குப் பொறுமை பத்தல."

தீக்குச்சி. உன் பெயர். நீ செத்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் சாகவில்லை.

எத்தனை பேர் அதை வைத்து உன்னைக் கிண்டல் செய்தார்கள். டீக்கடையில் நீ டம்ளரைக் கீழே வைத்தால், "என்ன தீக்குச்சி, அதுக்குள்ள குடிச்சாச்சா? நாக்கு வெந்திருக்குமே." பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினால், "பாத்துப்பா, டிரைவர் சீட்டுல போயி உக்காந்துறாத." நீ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஊரே மழை கேட்டு நின்ற வருஷம், குகைக்குள் குனிந்து போய், சாமிக்கு முன்னாலேயே நீ சொன்னாயே: "சாமி, நீங்க இங்க குளுகுளுன்னு உக்காந்திருக்கீங்க. ஒரே ஒரு நாள் என்ற காப்பிச் செடிக்கிட்ட வந்து நில்லுங்க, அப்புறம் பேசிக்கலாம்." பூசாரி கூடச் சிரித்துவிட்டார். பின்னால் இருந்து ஒருவன், "சாமியக் கூட அவசரப்படுத்தறான் பாரு தீக்குச்சி" என்றான். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் உன் பக்கத்தில் நின்றேன். நானும் சிரித்தேன்.

இப்போது மூங்கில் வெடிக்கிற சத்தம் கேட்கிறது. எங்கே என்று சித்ரா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பாறையைத் தாண்டிவிட்டதாம். ஓடைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. வெயில் இறங்கினால் காற்று கொஞ்சம் நிற்கும் என்று வாட்சர் சொன்னார். நாம் அதற்குத்தான் காத்திருக்கிறோம். காகிதத்தின்மேல் சாம்பல் விழுகிறது, அவள் ஊதி ஊதி எழுதுகிறாள்.

எழுது கண்ணு. நிறுத்தாதே. இனிமேல் வருவதுதான் நான் உன்னை உட்கார வைத்ததற்குக் காரணம். உன் முகத்தைப் பார்த்து நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் அப்பனிடம் சொல்கிற மாதிரி சொன்னால் வாய் வரும் என்று நினைத்தேன்.

ஏப்பா, அன்றைக்கும் இதே சரிவுதான். சித்ரா மூன்றாவது படிக்கிற வருஷம். அன்றும் மழை இல்லை. இப்போது போல இவ்வளவு பெரிய தீ இல்லை, ஆனாலும் தீ. நீயும் நானும் கோட்டுக்குக் கீழே நின்றோம். மற்றவர்கள் மேலே, பாதை ஓரத்தில் பச்சைத் தழையோடு நின்றார்கள். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் புகை. பந்தம் என் கையில், டப்பா உன் கையில். நீ ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து விட்டாய். அது மேலே வந்து நம் முகத்தில் மோதியது. "இன்னும் மூச்சு இழுக்கல" என்றாய்.

இந்த மூச்சுக் கதை உன் மகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பெரிய தீ தூரத்தில் இருக்கிற வரைக்கும் காற்று அது பாட்டுக்கு மேலே அடிக்கும். அப்போது நீ தீ வைத்தால் அது உன்மேல்தான் ஏறி வரும். தீ கிட்டத்தில் வந்ததும் அதற்கு மூச்சு முட்டும். பக்கத்தில் இருக்கிற காற்றையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். விட்ட பஞ்சு திரும்பி, கீழே, தீயைப் பார்த்துப் போகும். அந்த நேரத்தில் வைத்தால் நம் தீயையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதுவரைக்கும் நிற்க வேண்டும். முகம் வேகிற மாதிரி இருக்கும், கால் தானாகப் பின்னால் போகும், ஆனாலும் நிற்க வேண்டும். இந்தச் சரிவில் அது உனக்கு வந்த மாதிரி யாருக்கும் வராது.

மூன்று முறை பஞ்சு விட்டாய். மூன்று முறையும் மேலே வந்தது. அப்போதுதான் உனக்குப் பட்டி ஞாபகம் வந்தது. கோட்டுக்கு மேலே, காப்பி ஓரத்தில் உன் மாட்டுப் பட்டி. பசுவும் கன்றும் உள்ளே கட்டிக் கிடந்தன. "அவுத்து உட்டுட்டு ஓடி வந்தர்றேன். நான் வர்ற வரைக்கும் வெக்காத" என்றாய். டப்பாவை என் கையில் திணித்தாய். ஓடினாய்.

நான் தனியாக நின்றேன். தீ ஓடைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தச் சத்தம்... நூறு பேர் ஒரே நேரத்தில் புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். பஞ்சு விட்டுப் பார்த்தேன்.

திரும்பின மாதிரி இருந்தது, அதனால்தான் வைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். பஞ்சு திரும்பவில்லை. என் முகத்துக்குத்தான் வந்தது. மீசையில் ஒட்டியது. எனக்குப் பயம். ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எதையாவது செய்தால் போதும் என்று இருந்தது. பந்தத்தைப் புல்லில் வைத்தேன்.

நீ பசுவை அவிழ்த்திருந்தாய். கன்றின் கயிறு இறுகிப்போயிருந்தது, முடிச்சு வரவில்லை. அதற்குள் நான் வைத்த தீ கோட்டைத் தாண்டிப் பட்டிக்கூரையில் ஏறிவிட்டது. நீ வெளியே வந்தபோது உன் புருவம் இல்லை. நேராக என்னிடம் ஓடி வந்து என் கையிலிருந்த பந்தத்தைப் பிடுங்கினாய். அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் புகை விலகியது. மேலே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது உன் கையில் பந்தம். "அடப் பாவி, அவசரப்பட்டுட்டியே!" என்று ஒருவர் கத்தினார்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடி இருக்கும். அப்புறம் சொன்னாய்: "ஆமாங்க. பட்டுட்டேன்."

பாதை ஓரத்தில் எல்லாரும் தழையால் அடித்து ஊரைக் காப்பாற்றினார்கள். உன் பட்டி போயிற்று. பாதிக் காப்பி போயிற்று. செவலைக் கன்று போயிற்று.

மூன்று நாள் கழித்து, சாம்பலுக்குள் நின்று உன்னைக் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று. நீ ஒரு கரிக்கட்டையைக் காலால் தள்ளிக்கொண்டே பேசினாய். "எரிஞ்சது என்ற கொல்ல. எரிச்சதும் நானாவே இருந்துட்டுப் போறேன். ஒரே ஊட்டுக்குள்ள முடிஞ்சுபோயிரும். நீன்னு தெரிஞ்சா ரெண்டு ஊடு ஆயிரும். என்ற ஊட்டுக்காரி உன்ற ஊட்டுப் பக்கம் திரும்ப மாட்டா. அப்புறம் நான் பீடிக்கு எங்க போறது?"

பீடிக்கு எங்கே போவது என்றாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அவனே சொல்லிவிட்டான், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அந்த டப்பாவை நீ திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் எதையும் மெதுவாகச் செய்கிறவன் ஆனேன். நடையும் மெது, சாப்பாடும் மெது, பேச்சும் மெது. கதைக்குள் கதை சொல்கிறவன், பொறுமைசாலி என்று ஊர் சொன்னது. ஒரு இடத்துக்கு நேராகப் போகப் பயந்தவன் சுற்றிப் போகிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. இதை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு உன் மகள் வெளியே போனாள். முற்றத்தில் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூங்கில் இரண்டு முறை வெடித்தது. அவள் திரும்பி வந்த பிறகு, அவள் சொல்லித்தான் இதையெல்லாம் எழுதுகிறோம். பேசினதைப் பேசினபடியே எழுதுவேன் என்றாள். எழுது சாமி என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது கண்ணு."

"என்ற கல்யாணத்துல அப்பா வெளக்குப் பத்த வெக்கறப்ப, மெதுவா வையிங்கப்பா, பந்தலக் கொளுத்திறாதீங்கன்னு சொன்னேன். ஊரே சிரிச்சுது. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"நீங்களுஞ் சிரிச்சீங்க."

"சிரிச்சேன் கண்ணு."

"அப்பாவும் சிரிச்சாரு. எல்லாரையும் விட நொம்பச் சத்தமா சிரிச்சாரு." அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "செவலைக்காக நான் ஒரு வருசம் அவருகிட்டப் பேசல மாமா. ஒரு வருசம். சோறு போட்டா தட்டத் தள்ளி உடுவேன். அவரு ஒண்ணுமே சொல்லல."

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. அதைக் கேட்பதும் ஒரு அவசரம் என்று தோன்றியது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுவத் தண்ணீர் இல்லை. சாம்பல் கன்னத்தில் பரவி ஒட்டிக்கொண்டது. அப்புறம் உன் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து வாசலில் விட்டாள். அது வீட்டுக்குள் வந்தது.

"ஏன் மாமா இன்னைக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு என்ற கையிலதான் பந்தம் குடுக்கப் போறாங்க சாமி. பொறுமைசாலின்னு நெனச்சுக் குடுக்கறாங்க. முப்பது ஊடு அந்த நெனப்ப நம்பி நிக்குது. பொய்ய நம்பி நிக்கறது உனக்காவது தெரியட்டும்னு..."

"எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?"

நான் தரையில் விழுந்த பஞ்சைப் பொறுக்கினேன்.

"எல்லார்த்துக்கும் சொல்லுங்க. பந்தத்த வாங்கறதுக்கு முன்னால சொல்லுங்க. தீ அணைஞ்சப்பறம் சொன்னா அது இன்னொரு கதையாப் போயிரும், கை தட்டிட்டுப் போயிருவாங்க. முன்னால சொன்னாத்தான் உங்க கையில குடுக்கறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ண முடியும்."

"குடுக்கலீன்னா?"

"வேற ஆரு கையிலயாவது இருக்கும். குடுத்தாங்கன்னா நீங்க புடிங்க. ஆனா பஞ்சு என்ற கையில. நான் சொல்ற வரைக்கும் வெக்கக் கூடாது." பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மிச்சத்தச் சொல்லுங்க. அப்பா கேட்டுக்கிட்டு இருப்பாரு."

நீ கேட்டுக்கொண்டிருக்கிறாயா? உன் வார்த்தையை உன் மகள் வாயால் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் வர்ற வரைக்கும் வெக்காத என்று நீ சொன்னதை நான் அவளிடம் இப்போதுதான் சொன்னேன். ஆனால் அதை நினைத்து அவள் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவளுக்கு அதுவாக வந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கு என்ன. ஊர் என்ன சொல்லும் என்று ஒரு பக்கம். அதைவிட, பந்தத்தை மறுபடியும் கையில் வாங்கி அந்தச் சத்தத்துக்கு முன்னால் நிற்கிறபோது என் கை என்ன செய்யும் என்று. அன்று தீ ஓடைக்கு வருவதற்குள் பந்தத்தை வைத்த கை இதே கைதான். வேறு கை எனக்கு முளைக்கவில்லை. பழனி என்னை எப்படிப் பார்ப்பான்? நீ செத்தபோது உன் பாடைக்கு முன்னால் சட்டி தூக்கியவன் அவன்தான். போகிற வழியில் யாரோ, "பாத்து மெதுவாப் போ, உள்ள இருக்கறது அவசரக்காரன்" என்றார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். அவனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். நீ பந்தத்தைப் பிடுங்கினாயே, அப்போது உன் விரல் என் விரலில் பட்டது. கொதிக்கிற விரல். அடுத்த நொடி என் கை காலியாகிவிட்டது. அந்தக் காலியான கையோடுதான் நான் டீக்கடைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், உன் மகளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன், உனக்கு மண் போட்டேன். இப்போதும் அது அப்படியே இருக்கிறது. கூட ஒரு சொல்லும் இருக்கிறது. பொறு என்பாயே, டப்பா மூடியைத் தட்டிக்கொண்டு, பாதிப் பாட்டாக, பொறு, பொறு, இன்னும் மூச்சு இழுக்கல என்று. இன்றைக்கு அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிற்பேன். என் கால் பின்னால் போனால் உன் தலைமாட்டில்தான் இடிக்கும். நீ தள்ளி விடு.

காற்று குறைந்திருக்கிறது. வாசல் வேப்பமரம் இப்போதுதான் கொஞ்சம் சும்மா நிற்கிறது. வெயில் மஞ்சளாகி, புகைக்குள் சிவப்பாகிவிட்டது. கீழே நாய் ஒன்று...

"அப்பா! ஓடைக்கு வந்துருச்சுங்கப்பா. வாங்க. வாட்சர் கூப்படறாரு. சித்ரா, நீ எதுக்கு டப்பாவ எடுத்து வெச்சிருக்க? நீ மேல பாதைக்குப் போ."

"நான் வரோணுங்க. மாமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாம்."

"இப்பவா? எதுன்னாலும் அப்புறம் பேசிக்கலாம், அப்பா, எந்திரிங்க!"

இல்லை பழனி, அப்புறம் இல்லை, நீ அந்தப் பந்தத்தைக் கீழே வை, அன்றைக்கு உன் மாமன் கையில் நீங்கள் எல்லாரும் பார்த்த பந்தம் அதற்கு முன்னால் என் கையில்...